துளசிக்கு ஒரு விளக்கு: எல்இடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில்

எட்டு எல்இடிகளைத் தொடர் இணைப்பில் கோத்து, ஒரே அலுமினியப் பட்டையின் மீது இறுகப் பொருத்தி, முதன்முறையாக மின்சாரம் கொடுத்த இரவில் ஐந்து மட்டுமே எரிந்தன. முதல் மூன்றும் கடைசி இரண்டும் கண் கூசும்படி ஒளிவிட, நடுவிலிருந்த நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் கருத்துக் கிடந்தன. தொடர் இணைப்பில் ஒன்று அறுந்துபோனால் எல்லாமே அணைந்துவிடும் என்பது பள்ளிப் பாடம். மூன்று அணைந்திருக்க மற்றவை எரிகின்றன என்றால், மின்னோட்டம் அந்த மூன்றையும் தொடாமல் வேறொரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்றுதான் பொருள். அந்த வழியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.

விளக்கு செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் அம்மாவின் துளசி. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் முன்னுள்ள பொது நடைபாதையில் பல ஆண்டுகளாகத் துளசியும் கறிவேப்பிலையும் தொட்டிகளில் இருந்தன. தீ விபத்தின்போது மக்கள் தடையின்றி வெளியேற நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தொட்டிகள் பெருகிப் பெருகி அந்த அகலத்தைத் தின்றுவிட்டன. கறிவேப்பிலையைக் கீழ்த்தளத் தோட்டத்துக்குக் கொடுத்தோம். துளசியைப் பிரிய அம்மாவுக்கு மனமில்லை. அது சமையலறைக்குப் பின்னாலுள்ள துணி துவைக்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நேர் வெயில் கிடையாது. ஒரு மாதத்துக்குள் தண்டு நீண்டு, இலை சிறுத்து, செடி வெளிறியது. ஆறு வெள்ளை எல்இடிகளும் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டு ஆழ்சிவப்பு எல்இடிகளும் கொண்ட ஒரு விளக்கை நானே செய்வதென்று தீர்மானித்தேன். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கியிருக்கலாம். கட்டட மின்பராமரிப்பில் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவனுக்கு அப்படி வாங்குவதில் ஒரு கூச்சம் இருக்கிறது.

ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் ஒரு பிற்பகலைச் செலவிட்டு வேண்டியவற்றை வாங்கினேன். எல்இடிகள் 'மணி' என்று சொல்லப்படும் வகை: எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட உடல், மேலே குமிழ் வடிவ வில்லை, இருபுறமும் இரண்டு கால்கள், அடியில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோகக் குமிழ். அந்தக் குமிழ்தான் வெப்பம் வெளியேறும் வாசல். வெள்ளை மணிகளை அலுமினிய அடித்தட்டுள்ள நட்சத்திர வடிவச் சிறு பலகைகளில் ஏற்றித் தருவார்கள். 'ஸ்டார் போர்டு' என்பது கடைப்பெயர். சிவப்பு மணிகளுக்கு அன்று ஸ்டார் போர்டு இருப்பில் இல்லை. மணியாகவே வாங்கி வந்து, வெள்ளை சிலிக்கோன் வெப்பப் பசையைத் தடவி, அலுமினியப் பட்டையின் மீது நேரடியாக வைத்து, ஒரு சிறு தகட்டால் அழுத்தித் திருகினேன். வெப்பப் பசை மின்சாரத்தைக் கடத்தாது என்று டப்பாவின் மேல் எழுதியிருந்தது. அதை நம்பினேன்.

எரியாத மூன்றில் நான்கும் ஐந்தும் வெள்ளை, ஆறாவது சிவப்பு. வெள்ளை இரண்டும் பழுது என்று முடிவுகட்டி, புதியவற்றை வாங்கி மாற்றினேன், அவையும் எரியவில்லை. கழற்றிய பழையவற்றைத் தனியே சோதித்தால் இரண்டும் நன்றாக எரிந்தன. கீழ்த்தளத்தில் வசிக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் சிராங்கூன் சாலைப் பக்கம் வானொலிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்தவர். பட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, எரியாதத விடு. எரியுறதக் கழட்டிப் பாரு" என்றார்.

மூன்றாவது எல்இடியின் திருகைத் தளர்த்தி மணியை அரை மில்லிமீட்டர் தூக்கியதும் எட்டும் எரிந்தன. மூன்றாவதும் ஆறாவதும் சிவப்பு மணிகள். அந்த இரண்டிலும் அடிக்குமிழ், உள்ளே எதிர்மின் காலோடு இணைந்திருந்தது. மல்டிமீட்டரின் முனைகளைக் குமிழிலும் காலிலும் வைத்தவுடன் அது கூவிற்று. ஆகவே, மூன்றாவது எல்இடியைக் கடந்து வந்த மின்னோட்டம், நான்காவதற்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லாமல், குமிழ் வழியாக அலுமினியத்தில் இறங்கி, ஆறாவதன் குமிழில் ஏறி, அங்கிருந்து ஏழாவதற்குப் போய்விட்டது. நடுவில் நின்ற மூன்றின் குறுக்கே மின்னழுத்தமே இல்லை. எரியாத வெள்ளை இரண்டும் எந்தக் குற்றமும் செய்யாதவை; குற்றம் செய்த இரண்டில் ஒன்று, எட்டிலேயே மிகவும் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

வெப்பப் பசை மின்காப்புப் பொருள்தான். டப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் பசை என்பது தாள் அல்ல. இரண்டு உலோகப் பரப்புகளைத் திருகி அழுத்தும்போது, பள்ளங்களில் பசை தங்கிவிட, மேடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. வெப்பத்துக்கு அந்தத் தொடுகை வேண்டும். மின்சாரத்துக்கு அந்த ஒரு மேடே போதும்.

வெள்ளை மணியின் குமிழில் மின்சாரம் இல்லை, சிவப்பில் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு உள்ளே ஒளி தரும் சில்லில் ('சிப்') இருக்கிறது. நீல ஒளி தரும் சில்லின் மீது மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியே வெள்ளை ஒளியைப் பெறுகிறார்கள். அந்த நீலச் சில்லுகளைப் பெரும்பாலும் நீலக்கல் எனப்படும் சஃபையர் அடித்தளத்தின் மீது வளர்க்கிறார்கள். சஃபையர் என்பது படிகமான அலுமினிய ஆக்சைடு, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அத்தகைய சில்லில் இரண்டு முனைகளும் மேற்பரப்பிலேயே அமைந்துவிடுகின்றன. அடிப்பகுதி தானாகவே மின்தொடர்பற்று நிற்கிறது. சிவப்புச் சில்லை வளர்ப்பது காலியம் ஆர்சனைடின் மீது. அது குறைகடத்தி; மின்னோட்டம் மேலிருந்து கீழாகச் சில்லை ஊடுருவிச் செல்ல, சில்லின் அடிப்புறமே ஒரு முனையாகிவிடுகிறது. நடுவில் ஒரு பீங்கான் தகட்டை வைத்து அதைப் பிரிக்கும் உற்பத்தியாளர்கள் உண்டு. மலிவான மணியில் அந்தச் செலவைச் செய்வதில்லை. நீலச் சில்லிலும் சிலிக்கான் கார்பைடு அடித்தளமுள்ளவை உண்டு, அங்கே அடிப்புறம் மின்முனையாக இருக்கக்கூடும். எனவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு புதிய வகையையும் பொருத்துமுன் குமிழுக்கும் இரண்டு கால்களுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது இப்போது என் வழக்கம்.

அண்ணனுக்கு இதில் புதுமை எதுவும் தெரியவில்லை. அவர் காலத்தில் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் போன ஒலிபெருக்கிகளில் 2என்3055 என்ற டிரான்சிஸ்டர் இருக்கும். படகு வடிவ உலோகக் கூட்டுக்குள் அடைபட்ட அதில், கூடே கலெக்டர் என்ற மின்முனை. கூட்டை நேராக ஹீட்சிங்க்கில் (வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) திருகினால் பெட்டி முழுவதும் மின்னேறிவிடும். ஆகவே நடுவில் ஒரு மைக்கா தகடு, திருகுகளுக்குப் பிளாஸ்டிக் புஷ், மைக்காவின் இருபுறமும் பசை. "நாங்க அம்பது வருஷம் முன்ன செஞ்சத நீ இப்ப படிக்கிற" என்று சொல்லிவிட்டு, தன் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து மூன்று மைக்கா தகடுகளை எடுத்துக் கொடுத்தார். 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடுவதற்கு முன் அங்கே வாங்கியவையாம். நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி வருவது கணக்கு. எல்இடி குளிர்ந்த விளக்கு என்பது பாதி உண்மை. பழைய குண்டு பல்பு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். பல்பு எவ்வளவு சூடானாலும் அதற்குக் கவலையில்லை. வெள்ளை எல்இடியின் கற்றையில் அகச்சிவப்பு மிகக் குறைவு. கொடுக்கும் மின்திறனில் பாதியோ அதற்கு மேலோ சில்லிலேயே வெப்பமாகத் தங்குகிறது. அது அடிவழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு வாட் சில்லின் பரப்பு சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கும் வெப்பம் உடனே பரவாவிட்டால் சில்லின் சந்தி, அதாவது ஒளி பிறக்கும் இடம், சூடேறும். ஒளி குறையும், ஆயுள் குறையும். பல எல்இடி மணிகளுக்குச் சந்தி வெப்பநிலையின் உச்சவரம்பு 125 டிகிரி செல்சியஸ். சிவப்புச் சில்லு நீலத்தைவிட வெப்பத்தால் அதிகம் வாடும் என்பதால், எந்த மணியில் மின்காப்பு தேவைப்படுகிறதோ அதற்கே குளிர்ச்சியும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வெப்பத்தை நன்றாகக் கடத்தி, மின்சாரத்தைச் சிறிதும் கடத்தாத பொருள் ஒன்று நடுவில் வேண்டும் என்கிறோம். உலோகங்களிடம் இதைக் கேட்பதில் பயனில்லை. அவற்றில் மின்சாரத்தைச் சுமக்கும் அதே எலக்ட்ரான்கள்தாம் வெப்பத்தையும் சுமக்கின்றன. ஒன்றில் தேர்ந்த உலோகம் மற்றதிலும் தேர்ந்ததாகவே இருக்கும் என்று வீடமான், ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் 1853-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். மீட்டருக்கும் கெல்வினுக்கும் இத்தனை வாட் என்ற அலகில், தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400, அலுமினியக் கலவைகளுடையது 200-ஐ ஒட்டி. மறுபக்கம் பிளாஸ்டிக் வகைகள் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்ற அளவில் நிற்கின்றன. எலக்ட்ரானை நம்பாமல் அணுக்கட்டமைப்பின் அதிர்வாலேயே வெப்பத்தைக் கடத்தும் சில படிகப் பொருள்கள்தாம் நடுவழி: அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடு பீங்கான் 25 முதல் 30 வரை, அலுமினியம் நைட்ரைடு 170-ஐத் தொடும். வைரம் தாமிரத்தையே மிஞ்சும், ஆனால் துளசிக்கு வைரம் பதிக்க நான் கோயில் கட்டவில்லை.

வீட்டில் இருந்த மின்காப்புப் பொருள் ஒன்றுதான்: பழுப்பு மஞ்சள் நிறத்தில் பாலிஇமைடு நாடா. கடையில் அதைக் கேப்டன் டேப் என்பார்கள். தமிழ்ச் செவிக்கு வேறு ஒருவரை நினைவூட்டும் பெயர். உயர் வெப்பத்தைத் தாங்கும், பல ஆயிரம் வோல்ட்டைத் தடுக்கும், ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் கஞ்சன். பசையையும் சேர்த்து அதன் தடிமனை 60 மைக்ரான் என்றும் கடத்துத்திறனை 0.15 என்றும் கொள்வோம். தடிமனைக் கடத்துத்திறனாலும் பரப்பாலும் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். 6 மில்லிமீட்டர் குமிழின் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். விடை: ஒரு வாட்டுக்கு 14 டிகிரி. மணியை 3 வாட்டில் ஓட்டினால், தலைமுடியைவிட மெல்லிய அந்த நாடாவின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே 42 டிகிரி வேறுபாடு. ஹீட்சிங்க் 50 டிகிரியில் இருந்து, மணியின் உள்தடை வாட்டுக்கு 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சந்தி 122 டிகிரிக்குப் போய்விடும்; வரம்புக்கு மூன்று டிகிரிதான் மிச்சம்.

இந்த விடையைத் தாளில் பார்த்தவுடன் நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியம் நைட்ரைடுத் தகடு வாங்கப் புறப்பட்டேன். மின்தூக்கிக்குள் நிற்கும்போதுதான், வகுத்தலில் கடத்துத்திறனோடு பரப்பும் இருக்கிறது என்பது உறைத்தது. பொருளை மாற்ற முடியாவிட்டால் பரப்பை மாற்றலாமே. 20 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தாமிர வில்லை ஒன்றின் நடுவில் மணியின் குமிழைப் பற்றவைத்து, அந்த வில்லைக்கு அடியில் அதே நாடாவை ஒட்டினால், நாடாவின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. தடை 14-இலிருந்து 1.3-க்கு இறங்குகிறது. தாமிரத்தில் வெப்பம் பரவுவதற்கான இழப்பு அதனோடு ஒப்பிடச் சொற்பம். அதே 3 வாட், அதே நாடா, அதே ஹீட்சிங்க்: இப்போது சந்தி 84 டிகிரி. முதலில் வெப்பத்தைப் பரப்பு, பிறகு காப்பு போடு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு உயர்ந்த பொருளும் பாதி வீண்; வரிசை சரியாக இருந்தால் வீட்டிலிருக்கும் நாடாவே போதும். மேலே போட்ட கணக்கில் மின்திறன் முழுவதையும் வெப்பமாகவே கொண்டேன். ஒளியாகப் போவதைக் கழித்தால் நிலைமை இன்னும் கொஞ்சம் நல்லது.

ஸ்டார் போர்டின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதில் மேலே 35 மைக்ரான் தாமிரம், அதன் கீழே 100 மைக்ரான் அளவில் மின்காப்புப் படலம், அதற்கும் கீழே தடித்த அலுமினியம். வெப்பம் பரவுவதற்கு முன்பே, குமிழுக்கு நேர் அடியிலேயே காப்பு வந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் படலத்தில் பீங்கான் தூளைக் கலந்து கடத்துத்திறனை ஒன்று, இரண்டு, மூன்று என்று உயர்த்துகிறார்கள். 1.5 என்று கொண்டால் தடை 2.4 வருகிறது. ஒரு வாட், மூன்று வாட் மணிக்கு அது தாராளமாகப் போதும். அன்று கடையில் சிவப்புக்கும் ஸ்டார் போர்டு இருந்திருந்தால் இவ்வளவையும் நான் யோசித்திருக்கவே மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அலுமினாத் தகடு பற்றி ஒரு வியப்பு. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினாவை மணிக்கு நேர் அடியில் வைத்தாலும் தடை 1.4 அளவில்தான் நிற்கிறது. நாடாவைவிடப் பதினாறு மடங்குக்கு மேல் தடிமன், ஆனால் தடை பத்தில் ஒன்று. டிரான்சிஸ்டருக்கென்று வெட்டிய அலுமினாத் தகடுகள் மலிவாகவே கிடைக்கின்றன; இருபுறமும் பசை தடவ மறக்கக் கூடாது, வளைக்கவும் கூடாது, சமமற்ற பரப்பில் வைத்துத் திருகினால் விரிசல் விடும். பழைய வானொலி அலைபரப்பிகளிலிருந்து கழற்றிய வெள்ளைப் பீங்கானை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டாம் என்று அண்ணன் எச்சரித்தார். அது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம்; கையில் தொடுவதில் ஆபத்தில்லை, அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் தீராத நோய்.

கறுப்பு அனோடைஸ் செய்த ஹீட்சிங்க்கை வாங்கினால் தனியாகக் காப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கறுப்புப் படலமும் அலுமினிய ஆக்சைடுதான். மீட்டரின் முனையை மெதுவாக வைத்தால் எண்ணே காட்டாது. முனையைச் சற்றே அழுத்திக் கீறினால் சுழி காட்டும். துளையின் விளிம்பிலும் திருகின் பல்லிலும் அது முதலிலேயே உரிந்திருக்கும். அதை அழகுக்கும் வெப்பக் கதிர்வீச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தும் வேலையில் என் நேரத்தைத் தின்றது துளையின் பிசிறுதான். துளையிட்ட அலுமினியத்தின் விளிம்பில் ஊசிபோல ஒரு பிசிறு எழும்பி நிற்கும்; விரலுக்குத் தெரியாது, 60 மைக்ரான் நாடாவைக் குத்திக் கிழிக்க அது போதும். பெரிய துளைக்கருவி முனை ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விளிம்பைச் சாய்த்துவிட்டு, பிறகு கண்ணாடித் துண்டின் மேல் விரித்த நீர் உப்புத்தாளில் பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நாடாவுக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஒட்டுப் பக்கம் இருக்கட்டும். மேல் பக்கத்தில் தாமிர வில்லைக்குப் பசை தடவ வேண்டும், அதுவும் வெட்டிய வெங்காயத்தால் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கும் அளவுக்கே. வழியும் அளவுக்குப் பசை பூசுவது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. உலோகங்கள் தொட வேண்டிய இடத்தில் பசையே ஒரு சுவராகிவிடும்.

தாமிர வில்லை மின்னேறிய பொருள் என்பதால் அதைப் பிடிக்கும் திருகும் பிரச்சினைதான். நைலான் திருகு எளிய வழி. ஆனால் நைலான் சூட்டில் மெல்ல மெல்ல இளகி நீண்டு, ஆறு மாதத்தில் பிடியைத் தளர்த்திவிடும். எஃகுத் திருகையே போட்டு, தோள்பட்டையுள்ள காப்பு வாஷரை வில்லையின் துளைக்குள் இறக்கினேன். ஸ்டார் போர்டிலும் இதே பொறி இருக்கிறது: திருகுக்கான அரைவட்ட வெட்டுக்கு மிக அருகிலேயே கம்பி பற்றவைக்கும் தாமிரப் பொட்டுகள் உள்ளன. எம்3 திருகின் தலை சற்று அகலமாக இருந்தாலே பொட்டின் மேல் ஏறிவிடும். நார்வாஷர் ஒன்று போட்டால் தீர்ந்தது. பற்றவைப்பதை ஹீட்சிங்க்கில் பொருத்துவதற்கு முன்பே மரப்பலகையின் மேல் வைத்து முடித்துவிட வேண்டும். பொருத்திய பின் முயன்றால், நாம் இவ்வளவு பாடுபட்டு அமைத்த வெப்பவழியே பற்றவைப்புக் கருவியின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

குளிர்ச்சி போதுமா என்று பார்க்க எல்இடியையே வெப்பமானியாக வைத்துக்கொண்டேன். மின்னோட்டம் மாறாதிருக்க, சந்தி சூடேறச் சூடேற அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் வீதம் குறையும். விளக்கைப் போட்டவுடன் ஓர் அளவு, ஒரு மணி நேரம் கழித்து ஓர் அளவு. நாடாவின் மேல் நேராக ஒட்டிய சிவப்பு மணியோடு ஒப்பிட்டபோது தாமிர வில்லையில் ஏற்றிய மணியின் மின்னழுத்தம் வெகு குறைவாகவே இறங்கியது. துல்லியமான டிகிரி தெரியாவிட்டாலும் இரண்டில் எது நல்லது என்று சொல்ல இந்த முறை போதும். தரவுத்தாள்கள் 25 டிகிரி சூழலை வைத்துப் பேசும். எங்கள் துணி துவைக்கும் இடத்தில் பகலில் 31, 32. அந்த ஆறேழு டிகிரியை முதலிலேயே இழந்துவிட்டோம் என்பதால் ஹீட்சிங்க்கின் பரப்பை வாட்டுக்கு 60 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் எடுத்து, அதன் இதழ்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி தொங்கவிட்டேன்.

இதுவரை சொன்ன காப்பு விளக்கைக் காப்பாற்றுவதற்கானது. ஆளைக் காப்பாற்றும் காப்பு வேறு, அது இருக்க வேண்டிய இடமும் வேறு. 230 வோல்ட்டை எட்டு எல்இடிக்கு வேண்டிய ஏறத்தாழ 23 வோல்ட்டாகவும் 350 மில்லி ஆம்பியர் நிலையான மின்னோட்டமாகவும் மாற்றித் தரும் டிரைவரில், உள்வழியும் வெளிவழியும் மின்மாற்றியால் பிரிக்கப்பட்டவை ஒரு வகை. பிரிக்கப்படாதவை மற்றொரு வகை. இரண்டாவது வகை சிறியது, மலிவானது, திறன்மிக்கதும்கூட. ஆனால் அதில் எல்இடியின் ஒவ்வொரு காலும் வீட்டு மின்சாரத்தோடு நேர்த்தொடர்பில் இருக்கிறது. அந்த 230 வோல்ட்டுக்கும் அம்மாவின் கைக்கும் நடுவில் நிற்பது 60 மைக்ரான் நாடா மட்டுமே. ஸ்டார் போர்டின் படலம் பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் தாமிரத்தின் ஓரத்துக்கும் அலுமினிய விளிம்புக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கிறது, மின்சாரம் படலத்தைத் துளைக்க வேண்டியதில்லை, விளிம்பில் படிந்த ஈரத்தின் மேல் ஊர்ந்தாலே போதும். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில், செடிக்கு நீர் தெளிக்கும் இடத்தில், பிரிக்கப்படாத டிரைவரை நான் வைக்க மாட்டேன். சில வெள்ளி மிச்சத்துக்காக அதை வாங்குபவர்களோடு எனக்கு வாதாடவும் விருப்பமில்லை.

பிரிக்கப்பட்ட டிரைவரிலும் ஒரு பயமுறுத்தல் உண்டு. விளக்கு எரியும்போது ஹீட்சிங்க்கைப் புறங்கையால் மெல்லத் தடவினால் ஒரு நமநமப்பு. மீட்டரை வைத்தால் நிலத்துக்கும் அதற்கும் இடையே நூறு வோல்ட்டைச் சுற்றி ஏதோ காட்டும். காப்பு கிழிந்துவிட்டதென்று நான் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றினேன். அது கிழிசல் அல்ல. டிரைவருக்குள் மின்னிரைச்சலை அடக்குவதற்காக இருபுறத்துக்கும் நடுவில் வைக்கும் சிறு மின்தேக்கி வழியே கசியும் மின்னோட்டம். மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பகுதிதான், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஈரக்கையில் விரும்பத்தக்கதும் அல்ல. மூன்று இழைக் கம்பி போட்டு ஹீட்சிங்க்கை நிலமின் முனையோடு இணைத்ததும் நமநமப்பு போயிற்று. மூன்று முனைப் பிளக்கில் இருந்த 13 ஆம்பியர் உருகியை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டேன். பிளக்கில் செருகும் விளக்கு என்பதால் இவ்வளவும் என் கைவேலை. சுவருக்குள் ஓடும் கம்பியைத் தொடுவதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

கடைசியாக மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவி. மல்டிமீட்டர் ஓரிரு வோல்ட்டில் அளந்துவிட்டு எல்லையற்ற தடை என்று சொல்லிவிடும். மெக்கர் 500 வோல்ட்டைக் கொடுத்துக் கேட்கும். டிரைவரைக் கழற்றி வைத்து, எல்இடி வரிசையின் இரு முனைகளையும் ஒரு கிளிப்பால் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சுக்கும் அலுமினியத்துக்கும் இடையே அளக்க வேண்டும். முனைகளைச் சேர்க்காமல் அளந்தால் எல்இடிகள் பலியாகலாம். செய்து முடித்த நாளில் என் கருவியின் உச்ச எல்லையான 200 மெகா ஓமையும் தாண்டி நின்றது. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பார்த்தால் 0.8. நாடா கிழியவில்லை, பிசிறும் இல்லை. அம்மா துளசிக்கு மேலிருந்து நீர் தெளிக்கிறார். திவலைகள் விளக்கின் அடிப்புறத்தில் பட்டு, உர உப்போடு காய்ந்து, ஸ்டார் போர்டுகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தன. மென்தூரிகையில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, ஒளி வெளிவரும் வில்லைகளில் படாமல் விளிம்புகளுக்கும் பற்றவைத்த இடங்களுக்கும் சிலிக்கோன் காப்புப் பூச்சு பூசினேன். மறுபடியும் 200-ஐத் தாண்டிற்று.

பக்கவாட்டிலிருந்து வேரில் நீர் ஊற்றினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். மாடத்துத் துளசிக்கு அப்படி யாரும் ஊற்றுவதில்லை என்றார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மெக்கரை எடுப்பதாக நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.